நான் நீயாக இருந்தால்...

இன்று காலையிலிருந்து எத்தனை பேருக்கு அறிவுரை சொல்லியிருப்பீர்கள்? அதில் கேட்டதற்குச் சொன்னது எத்தனை, கேட்காமலே சொன்னது எத்தனை? சரி, விடுங்கள். இந்தக் கணக்கு யாருக்குமே சங்கடம்தான்.

ஸ்பானிஷ் வகுப்பில் சேர்ந்தீர்கள் என்றால், ஓட்டலில் ஆர்டர் கொடுப்பது, ரயில் டிக்கெட் கேட்பது எல்லாம் முடிந்தபிறகு 'அறிவுரை சொல்வது எப்படி' என்று தனியாக ஒரு பாடம் வரும். சுமார் 20 நாடுகளின் ஆட்சிமொழி, ஏறத்தாழ 50 கோடி பேரின் தாய்மொழி. அத்தனை பேரும் ஒருத்தருக்கொருத்தர் யோசனை சொல்லாமல் இருப்பார்களா என்ன? சொல்லட்டும். மரியாதையாகச் சொல்வது எப்படி என்பதுதான் பாடம்.

'தியேனெஸ் கே' என்று ஆரம்பித்தால், 'செஞ்சே ஆகணும்' என்று அர்த்தம். 'தெபெஸ்' என்றால் 'செய்ய வேண்டும்'. அதையே 'தெபெரீயாஸ்' என்று நீட்டினால், 'செஞ்சா நல்லது' என்று குழைந்துவிடுகிறது. வாலில் ஒரு சின்ன மாற்றம், கட்டளை யோசனையாகிவிட்டது. நம்முடைய 'போ' என்பது 'போகலாமே' ஆவது மாதிரி.

'ஆய் கே' என்று இன்னொன்று. இதில் ஆளே கிடையாது. 'பாத்திரம் கழுவணும்' என்று பொதுவாகக் காற்றில் சொல்வது. யார் கழுவணும்? அதைச் சொல்லாமல் விடுவதுதான் நாசூக்கு. (கடைசியில் எழுந்து போவது யார் என்று உங்களுக்கே தெரியும்!)

பி.காம். படித்தவனுக்கு இங்கே ஒரு அல்ப சந்தோஷம். 'தெபெஸ்', 'தெபெரீயாஸ்' எல்லாம் 'தெபேர்' என்ற வினைச்சொல்லின் பிள்ளைகள். அந்தச் சொல்லுக்குக் 'கடன்பட்டிருப்பது' என்றும் பொருள் உண்டு. நம் பேரேட்டின் 'டெபிட்'டும் அதே லத்தீன் வேரிலிருந்து வந்ததுதான். 'ஆய் கே' வருவதோ 'ஆபேர்' என்ற சொல்லிலிருந்து. ஸ்பெயின்காரர்களின் கணக்குப் புத்தகத்தைப் பிரித்தால் பற்றுப் பக்கத்துக்குத் தலைப்பு 'தெபே', வரவுப் பக்கத்துக்கு 'ஆபேர்'. அறிவுரை சொல்லும் இரண்டு சொற்களும் லெட்ஜரின் இரண்டு பக்கங்களிலும் ஆளுக்கொரு பக்கமாக உட்கார்ந்திருக்கின்றன. தற்செயல்தான். ஆனாலும் யோசித்துப் பாருங்கள், 'நீ இதைச் செய்யணும்' என்று ஒருத்தரிடம் சொல்லும்போது அவர் பெயரில் ஒரு கடனை எழுதிவிட்டுத்தானே வருகிறோம்? வட்டி கட்டப்போவது அவர்.

பாடத்தில் மிகப் பணிவானதாகத் தெரிவது 'யோ கே தூ'. ('தூ' என்றதும் முகத்தைத் துடைத்துக்கொள்ள வேண்டாம், அவர்கள் மொழியில் அதற்கு 'நீ' என்று பொருள்.) 'நான் நீயாக இருந்தால்' என்று அர்த்தம். 'யோ கே தூ, அந்த வேலையை ஏத்துக்குவேன்.' கேட்க எவ்வளவு இதமாக இருக்கிறது! உனக்கு உத்தரவு போடவில்லை, உன் செருப்பில் என் காலை நுழைத்துப் பார்த்தேன், அவ்வளவுதான் என்கிற தோரணை.

எனக்கு இதில்தான் சந்தேகம். அந்த வாக்கியத்தின் வினைச்சொல்லைப் பாருங்கள். 'ஏத்துக்குவேன்.' அது தன்மை. பேச்சு முழுக்க என்னைப் பற்றித்தான். உங்கள் இடத்துக்கு நான் வரும்போது வெறுங்கையோடு வருவதில்லை. என் சம்பளம், என் உடம்பு, என் தைரியம், என் மாமனார் வீட்டு வசதி எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுகிறேன். அப்புறம் அது எப்படி உங்கள் இடம்? போதாததற்கு இதே 'யோ கே தூ'வை வைத்து மிரட்டவும் செய்யலாம். 'நான் நீயா இருந்தா வாயை மூடிக்கிட்டு இருப்பேன்' என்று ஒருவன் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னால், மாட்ரிட்டிலும் சரி, மெக்சிகோவிலும் சரி, அதை யாரும் அன்பான அறிவுரையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இதைவிடக் கறாராகத் தெரிகிற ஒன்று உண்டு. 'தே அகொன்செஹோ கே...' அதாவது, 'உனக்கு நான் அறிவுரை சொல்கிறேன், நீ இன்னது செய்யும்படி.' நேரடியான பேச்சு. ஆனால் 'கே'க்குப் பிறகு வருகிற வினைச்சொல் வேறு உடை மாற்றிக்கொண்டாக வேண்டும். நடந்ததை, நடப்பதைச் சொல்லும் சாதாரண வடிவம் அங்கே செல்லாது. விருப்பம், சந்தேகம், பயம் இவற்றுக்கெல்லாம் பயன்படும் இன்னொரு வடிவம்தான் வர வேண்டும். காரியம் இன்னும் நடக்கவில்லை, நடக்குமா என்பது சொல்கிறவர் கையில் இல்லை என்று இலக்கணமே ஒப்புக்கொள்கிற மாதிரி. இன்னொரு வேடிக்கை, 'உத்தரவிடுகிறேன்' என்று சொன்னாலும் அதே வடிவம்தான். ராஜாவே ஆணையிட்டாலும், அடுத்தவர் செய்யப்போகிற காரியம் அவருக்கும் நிச்சயமில்லைதானே!

ராஜா என்றதும் ஒரு பழைய ஸ்பானிஷ் புத்தகம் ஞாபகம் வருகிறது. தோன் ஹுவான் மனுவேல் என்ற பிரபு 1335-ல் எழுதி முடித்த 'எல் கொன்தே லூகனோர்'. லூகனோர் என்ற பிரபு ஒவ்வொரு சிக்கலாகச் சொல்லி யோசனை கேட்பார், பத்ரோனியோ என்ற ஆலோசகர் கதை சொல்லியே பதில் தருவார். ஏன் கதை? பத்ரோனியோ வேலைக்காரர். எஜமானிடம் 'நீங்க செய்யறது தப்பு' என்று சொன்னால் வேலை போகும், தலையும் போகலாம். கீழேயிருந்து மேலே போகும் அறிவுரைக்குப் பணிவு ஒரு கவசம். மேலேயிருந்து கீழே வரும்போது அதே பணிவு உறை போட்ட கத்தி. மேனேஜர் சிரித்துக்கொண்டே, 'நீங்க கொஞ்சம் யோசிக்கலாமே' என்பாரே, அந்த ரகம்.

அந்தப் புத்தகத்தின் இரண்டாவது கதை உங்களுக்கும் தெரிந்ததுதான். அப்பா, மகன், சந்தைக்குப் போகும் வழியில் ஒரு விலங்கு. அப்பா ஏறினாலும் ஊர் பேசுகிறது, மகன் ஏறினாலும் பேசுகிறது, இரண்டு பேரும் ஏறினாலும் பேசுகிறது, யாருமே ஏறாவிட்டாலும் பேசுகிறது. நாம் கேட்ட கதையில் அப்பா ஒரு அசடு. பத்ரோனியோ சொல்லும் கதையில் அப்படி இல்லை. மகன் புத்திசாலி, ஆனால் எதற்கெடுத்தாலும் குறுக்கே நிற்பவன். அவனுக்குப் புரியட்டும் என்றுதான் அப்பா வேண்டுமென்றே அப்படி ஏறி இறங்குகிறார். வீட்டிலேயே உட்கார்ந்து சொல்லியிருக்கலாம். சொல்லாமல் கூடவே நடந்தார்.

அதற்காக நேரடியாகச் சொல்வதெல்லாம் மரியாதைக் குறைவு என்றும் நினைக்காதீர்கள். ஸ்பெயினில் நண்பர்களுக்குள் 'சாப்பிடு', 'வா', 'விடு' என்று கட்டளையாகப் பேசுவது சர்வசாதாரணம். செர்வாந்தெஸ் 1615-ல் வெளியிட்ட 'தோன் கிஹோத்தே' இரண்டாம் பாகத்தில், ஒரு தீவுக்குக் கவர்னராகப் போகும் சாஞ்சோவுக்கு அவன் எஜமான் அறிவுரையாகக் கொட்டுகிறார். நகத்தை வெட்டு, பூண்டும் வெங்காயமும் சாப்பிடாதே, ஏப்பம் விடாதே. ஒன்றுகூட 'செய்யலாமே' ரகம் இல்லை. சாஞ்சோவுக்குக் கோபம் வந்ததா? இல்லை. இவ்வளவும் ஞாபகம் இருக்காது, எழுதிக் கொடுங்கள், எனக்குப் படிக்கத் தெரியாது, பாதிரியாரிடம் கொடுத்து வைக்கிறேன் என்கிறான். ஊர் ஊராகச் சேர்ந்து அடிவாங்கிய இரண்டு பேருக்குள் என்ன நாசூக்கு வேண்டியிருக்கிறது?

சிக்கல் வருவது அந்நியர்களுக்கு நடுவில். ஸ்பெயினில் 2002 நவம்பரில் ஒரு சட்டம் வந்தது, 41-ம் எண் சட்டம். நோயாளிக்குத் தகவலைச் சொல்ல வேண்டும், சிகிச்சையை அவரே தேர்ந்தெடுக்கலாம், சம்மதம் இல்லாமல் தொடக் கூடாது என்கிறது. எனக்கு எதுவும் தெரிய வேண்டாம் என்று அவர் சொன்னால் அதையும் மதிக்கச் சொல்கிறது. நல்ல சட்டம். இப்போது எண்பது வயதுப் பெரியவர் ஒருவர் டாக்டர் எதிரே உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயிற்றில் கட்டி. ஆபரேஷன் செய்தால் சில வருஷம் கிடைக்கலாம், மேஜையிலேயே முடிந்தும் போகலாம். செய்யாவிட்டால் சில மாதம். டாக்டர் எல்லாவற்றையும் விளக்கிவிட்டார். பெரியவர் படிவத்தைப் பார்க்கிறார், டாக்டரைப் பார்க்கிறார். 'உஸ்தெத் கே ஆரீயா?' என்கிறார். நீங்களா இருந்தா என்ன செய்வீங்க?

'முடிவு உங்களுடையது' என்று டாக்டர் சொல்லலாம். சட்டப்படி சரி, மரியாதையும் குறையவில்லை. ஆனால் என்னைக் கேட்டால் அந்த அறையில் சொல்லக்கூடியவற்றிலேயே முரட்டுத்தனமான பதில் அதுதான். கிழவரைக் காட்டில் இறக்கிவிட்டு, 'எந்தப் பக்கம் வேணும்னாலும் போங்க' என்பது போல. 'செஞ்சுக்குங்க' என்று ஒரே வார்த்தையில் முடிப்பதும் பெரிய உதவி இல்லை. ஆபரேஷன் தோற்றால் டாக்டருக்கு மறுநாள் வேறு நோயாளிகள் இருப்பார்கள்.

ஒரு டாக்டர் இப்படியும் சொல்லலாம். "நானா இருந்தா செஞ்சுக்குவேன். ஆனா எனக்கு வயசு நாற்பத்தஞ்சு, பசங்க ஸ்கூல்ல படிக்கிறாங்க. எத்தனை வருஷம் கிடைக்கும்கிறதுதான் எனக்குப் பெரிய கேள்வி. உங்களுக்கு எது பெரிசு?"

பெரியவர் கொஞ்ச நேரம் யோசிக்கிறார். "அக்டோபர்ல பேத்திக்குக் கல்யாணம். அன்னிக்கு நான் நடந்து போகணும்" என்கிறார்.

டாக்டர் காலண்டரைப் பார்க்கிறார்.