பதவி போன பிறகு வந்த குரல்

கையில் அதிகாரம் இருந்தபோது ஒரு கொடுமையைக் கொடுமை என்று தெரிந்தும் வாய் திறக்காத மனிதர், பதவி போன பிறகு அதை எதிர்த்துச் சாகும்வரை போராடினால் அவரை எப்படி எடைபோடுவது? பிந்தைய குரல் முந்தைய மௌனத்துக்கு ஈடாகுமா? அமெரிக்காவின் 6ஆவது ஜனாதிபதி ஜான் குவின்சி ஆடம்ஸின் பொதுவாழ்வு இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க விடுவதில்லை.

அவர் அறியாமல் தவறினார் என்று சொல்ல வழியில்லை. பன்னிரண்டு வயதில் தொடங்கி ஏறத்தாழ 14,000 பக்கங்களுக்கு நாட்குறிப்பு எழுதியவர் அவர். 1820இல் மிசௌரி மாநிலத்தை அடிமைமுறையோடு ஒன்றியத்தில் சேர்க்கலாமா என்ற சர்ச்சை எழுந்தபோது, வெளியுறவு அமைச்சராக இருந்த ஆடம்ஸ் சமரசத்துக்கு இசைந்தார். அதே நாட்களில் நாட்குறிப்பில், அடிமைமுறை ஒன்றியத்தின் மீதே படிந்த பெரும் அழுக்கு என்ற பொருளில் எழுதிக்கொண்டிருந்தார். ஊருக்குச் சொல்லாததை ஏட்டுக்குச் சொன்னார். அன்று அந்நாட்டில் அடிமைகள் சுமார் 15 லட்சம் பேர்.

மௌனத்தோடு நின்றிருந்தால்கூட விவகாரம் எளிது. பிரிட்டனுடனான 1812ஆம் ஆண்டுப் போரின்போது, தங்கள் பக்கம் வருவோருக்கு விடுதலை என்று பிரிட்டிஷார் அறிவித்ததை நம்பி மூவாயிரத்துக்கும் மேற்பட்ட அடிமைகள் தப்பி அவர்களிடம் சேர்ந்தனர். பலர் நோவா ஸ்கோஷியாவிலும் டிரினிடாடிலும் குடியேறினர். போரை முடித்த கெண்ட் ஒப்பந்தத்தின் அமெரிக்கத் தூதுக்குழுவுக்குத் தலைமை வகித்தவர் ஆடம்ஸ். அடிமைகளையும் பிற தனியார் சொத்துகளையும் கொண்டுபோகக் கூடாது என்ற அதன் வாசகத்தைப் பிடித்துக்கொண்டு, லண்டனில் தூதராகவும் பிறகு அமைச்சராகவும் அவர் ஆண்டுக்கணக்கில் வாதாடினார். அவர் ஜனாதிபதியாக இருந்த 1826இல் பிரிட்டன் 12,04,960 டாலர் தர ஒப்புக்கொண்டது. அந்தப் பணம் போனது அடிமைகளின் எஜமானர்களுக்கு.

1822இல் இன்னொன்று நடந்தது. அடிமை வணிகக் கப்பல்களைக் கடலில் சோதனையிடப் பரஸ்பர உரிமை வேண்டும் என்று பிரிட்டிஷ் தூதர் கேட்டார். அடிமை வணிகத்தைவிடக் கொடிய தீமை ஒன்று உண்டா என்றும் வினவினார். உண்டு என்றார் ஆடம்ஸ். அமெரிக்கக் கப்பலை அந்நிய அதிகாரி சோதனையிட அனுமதிப்பதே அது. அது தங்களையே அடிமைகளாக்கிவிடும் என்பது அவருடைய பதில். அமெரிக்க மாலுமிகளைப் பிரிட்டிஷ் கடற்படை பிடித்துச் சென்ற நினைவு அவருக்குள் பச்சையாக இருந்தது. இருந்தும், கப்பலின் அடித்தளத்தில் சங்கிலியோடு கிடந்தவர்களின் இடத்திலிருந்து அந்தப் பதிலைக் கேட்டுப் பார்த்தால் நெஞ்சு கொதிக்கிறது.

அவர் தரப்பிலும் நியாயம் உண்டு. மாநிலங்களுக்குள் இருந்த அடிமைமுறையில் கைவைக்கும் அதிகாரத்தை அரசியல் சட்டம் ஜனாதிபதிக்குத் தரவில்லை. பேசினால் ஒன்றியம் உடையும் என்ற அச்சம் கற்பனை அல்ல. அடுத்த தலைமுறையில் அது உடையத்தான் செய்தது. 1824 தேர்தலில் யாருக்கும் பெரும்பான்மை இல்லாமல் பிரதிநிதிகள் சபையின் தயவில் பதவிக்கு வந்தவர், உதட்டைப் பிதுக்கினாலே ஆட்டம் காணும் நாற்காலியில் அமர்ந்திருந்தார். ஆனால் இந்த நியாயங்கள் மௌனத்துக்குத்தான் பொருந்தும். செய்ய முடியாததைச் செய்யாமல் விட்டது வேறு. எஜமானர்களுக்காக ஆண்டுக்கணக்கில் வழக்காடியது வேறு.

1828இல் தோற்றார். முன்னாள் ஜனாதிபதி சாதாரண உறுப்பினராகச் சபைக்குப் போவது இழுக்கு என்று வீட்டாரே தடுத்தும், மக்கள் அனுப்பும் எந்தப் பதவியும் ஒருவரைத் தாழ்த்தாது என்று சொல்லி 1831இல் உள்ளே போனார். 17 ஆண்டுகள் அங்கேயே இருந்தார். அடிமை ஒழிப்பு மனுக்களை விவாதமின்றி ஒதுக்கிவைக்கும் வாய்ப்பூட்டுத் தீர்மானத்தைச் சபை 1836 மே மாதம் 117க்கு 68 என்ற வாக்கில் நிறைவேற்றியது. வாக்கெடுப்பில் தன் பெயர் அழைக்கப்பட்டதும் அவர் எழுந்து, இது அரசியல் சட்டத்தையும் தன் தொகுதி மக்களின் உரிமையையும் மீறுவது என்று கூச்சலுக்கு நடுவே முழங்கினார்.

1837 பிப்ரவரியில் நடந்தது இன்னும் கூர்மையானது. 22 அடிமைகள் அனுப்பியதாக ஒரு மனு தன்னிடம் இருப்பதாகவும், அதை எடுத்துக்கொள்ளலாமா என்றும் சபாநாயகரைக் கேட்டார். தெற்கத்திய உறுப்பினர்கள் கொதித்தெழுந்தனர். அவரை வெளியேற்று, மனுவைக் கொளுத்து என்ற குரல்கள். கண்டனத் தீர்மானம் முன்மொழியப்பட்ட பிறகுதான் அந்த மனு அடிமை ஒழிப்பைக் கேட்கவில்லை, அதற்கு எதிரானது என்பதை வெளியிட்டார். சிக்கிக்கொண்டவர்கள் எதிராளிகள். மனு என்பது இரக்கத்தை வேண்டுவது, கொடுங்கோலன்கூட அதை மறுப்பதில்லை என்று வாதிட்டார். அடிமைகளுக்கு மனு கொடுக்கும் உரிமை இல்லை என்று சபை தீர்மானித்தது. வாய்ப்பூட்டை அவர் உடைத்தது 1844 டிசம்பரில்தான்.

இடையில் அமிஸ்டாட் வழக்கு. ஆப்பிரிக்காவிலிருந்து கடத்தப்பட்டு, அமிஸ்டாட் என்ற ஸ்பானியக் கப்பலில் கிளர்ந்தெழுந்து, அமெரிக்கக் கரையோரம் பிடிபட்ட மெண்டே மக்களுக்காக 1841இல் தன் 73ஆவது வயதில் உச்ச நீதிமன்றத்தில் நின்றார். 1795ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி மீட்டுத் தரவேண்டிய சரக்கு இவர்கள் என்றது ஸ்பெயின். கெண்ட் ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு தானே ஒருகாலத்தில் வைத்த வாதத்தின் உறவுக்கார வாதத்தை இப்போது அவர் எதிர்க்க வேண்டியிருந்தது. எதிர்த்தார், வென்றார். 35 பேர் சியரா லியோன் திரும்பினர்.

இதைக் கண்கெட்ட பிறகு செய்த சூரிய நமஸ்காரம் என்று சொல்வது அநியாயம். அந்த 35 பேரின் வாழ்க்கை நிஜமானது. பேரப்பிள்ளைகளோடு ஒதுங்கியிருக்க வேண்டிய வயதில் கொலை மிரட்டல் கடிதங்களைச் சுமந்துகொண்டு சபைக்குப் போன மனிதர் பெருமைக்குரியவரே. அதற்காகப் பழைய கணக்கு நேராகிவிட்டது என்பதற்கில்லை. 1820களில் அடிமையாகவே செத்தவர்களுக்குப் பட்ட கடனை 1841இல் வேறொருவருக்குக் கட்டி அடைக்க முடியாது.

அமிஸ்டாட் வழக்கில் அவர் சாடியது பதவியிலிருந்த ஜனாதிபதி வான் பியூரனின் அரசை. தேர்தல் வரவிருந்த 1840இல், கீழ்க்கோர்ட்டுத் தீர்ப்பு ஸ்பெயினுக்குச் சாதகமாக வந்தால் மேல்முறையீட்டுக்கு அவகாசம் தராமல் கைதிகளைக் கியூபாவுக்கு ஏற்றிச் செல்ல ஒரு கடற்படைக் கப்பலை நியூ ஹேவனில் நிறுத்திவைத்திருந்தது அந்த அரசு. ஆடம்ஸின் கோபம் முழுக்க நியாயம். ஆனால் அந்த நாற்காலியில் அதே தேர்தலை எதிர்நோக்கி அவரே அமர்ந்திருந்தால் கப்பலை அனுப்பியிருக்க மாட்டார் என்று அடித்துச் சொல்ல, 1822இன் பதிலும் 1826இன் பணமும் இடம் கொடுப்பதில்லை.