பயனாளர் யார்?

தென்பெண்ணையாற்றுத் தண்ணீரைப் பாகூர் ஏரிக்குக் கொண்டுவருவது பங்காரு வாய்க்கால். பங்காரி, சிங்காரி என்ற தேவதாசிச் சகோதரிகள் தங்கள் பொருளைக் கொடுத்து வெட்டியது என்பது ஊர்க்கதை. புதுச்சேரி நகரத்தில் ஆயி மண்டபம் நிற்பதும், தன் மாளிகையை இடித்துக் குளம் வெட்டிய ஒரு தாசியின் கதையின் மேல்தான். கொடுத்த பெண்களை நாம் மறப்பதில்லை.

1999இல் ஐரோப்பிய ஒன்றிய உதவியோடு புதுச்சேரியின் 84 ஏரிகளைச் சீரமைக்கும் திட்டம் வந்தது. ஏரிக்கொரு சங்கம்; அரசும் ஊரும் கூட்டாளிகள். ஊர் என்றால் யார்? ஆயக்கட்டில் நிலம் உள்ளவருக்குத் தண்ணீரில் உரிமை உண்டு என்பது யாருக்கும் விளங்கும். பட்டாவோ பெரும்பாலும் ஆண் பேரில். கரையில் புல்லறுத்து மாடு வளர்க்கிறவள், நடவுக்கூலியை நம்பி மழையைப் பார்க்கிறவள், ஏரி வற்றினால் இவர்கள் வீட்டில்தான் முதலில் அடுப்பு எரியாது. சங்கத்தில் பெண்களுக்கும் இடம் கொடுத்தால் ஆயிற்று என்பார்கள். (கூட்டத்துக்குப் பாய் விரிப்பதும் டீ கொடுப்பதும்கூட ஓர் இடம்தானே!) மதகை என்றைக்குத் திறப்பது, மீன் ஏலப் பணத்தை எதில் செலவழிப்பது என்ற பேச்சில் அவள் சொல் எடுபடுமா?

நூறு நாள் வேலையில் வாய்க்கால் தூர்வார மண்வெட்டியோடு இறங்கியவர்கள் பெரும்பாலும் பெண்களே. தண்ணீர் எந்தப் பக்கம் போகவேண்டும் என்று பங்காரியை யாராவது கேட்டார்களா? கதையில் அது இல்லை.