யார் தலைக்கு மேல்?

பாலையூற்றுத் திருவிழாவில் பிள்ளை காஸ் பலூன் கேட்டு அடம்பிடிப்பதும், நாம் வியாபாரியிடம் விலை பேசுவதும் வழக்கம். அதற்குள் இருப்பது எந்த வாயு என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

இதே கேள்வி இன்று பெரிய அளவிலும் எழுந்துள்ளது. உயரத்தில் காற்று பலமாக வீசும். ஆகவே கோபுரம் கட்டாமல், காற்றாலையைப் பெரும் பலூனில் ஏற்றி, மின்சாரத்தை வடத்தின் வழியே தரைக்கு இறக்க முயல்கிறார்கள். 2012இல் அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் 350 அடி உயரத்தில் இது நடந்தது. 2025 செப்டெம்பரில் சீனாவின் ஹாமியில் 60 மீற்றர் நீளமான பலூன் ஒன்று ஏற்றப்பட்டது. இரண்டிலும் நிரப்பியது ஈலியம்.

ஈலியம் எரியாது, ஆனால் விலை அதிகம். ஐதரசன் மலிவு, தண்ணீரிலிருந்தே பிரித்தெடுக்கலாம். ஆனால் அது காற்றில் நூற்றுக்கு 4 முதல் 75 பங்குவரை கலந்திருந்தால் சிறு பொறியே போதும், தீப்பற்றிவிடும். “ஆளில்லாத பலூன்தானே, ஐதரசன் போதாதா?” என்று கேட்கத் தோன்றும்.

ஹிண்டன்பேர்க் என்ற ஜெர்மானிய ஆகாயக் கப்பலை நினைத்துப் பாருங்கள். அது ஈலியத்துக்கென்றே திட்டமிடப்பட்டது. ஈலியத்தை வெளிநாடுகளுக்கு விற்க அமெரிக்கச் சட்டம் இடந்தராததால் ஐதரசனை நிரப்பினார்கள். 1937 மே 6ஆம் திகதி, அமெரிக்காவின் லேக்ஹேர்ஸ்டில் இறங்கும் வேளையில் அது தீப்பற்றியது. மாண்டவர் 36 பேர். அவர்களில் 35 பேர் கப்பலில் இருந்தவர்கள். மற்றவர் தரையில் நின்ற தொழிலாளி. அவர் பயணச்சீட்டு வாங்கியவர் அல்லர்; வாயுவைத் தெரிவு செய்தவரும் அல்லர்.

நம் கேள்வி முழுவதும் அந்த ஒருவரில் அடங்கியிருக்கிறது. நாமே ஏற்கும் ஆபத்து துணிவு. பிறர் தலையில் அவர் அறியாமல் ஏற்றும் ஆபத்து அநீதி. ஆளில்லாத பலூனுக்குக் கீழேயும் ஆளுண்டு: வடம் இழுப்பவர், வாயு நிரப்புபவர், அருகே தோட்டம் செய்பவர். அவர்களுக்கு உண்மையைச் சொல்லி, சம்மதம் பெற்று, போதிய தூரம் விட்ட பின்னரே மலிவைப் பற்றிப் பேசலாம்.

ஈலியத்தையும் வாரியிறைக்க முடியாது. பூமிக்கடியில் கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்த அது, காற்றில் கலந்தால் நமக்கு மீளாது. வைத்தியசாலைகளில் எம்.ஆர்.ஐ. இயந்திரங்களைக் குளிர்விப்பதும் அதுவே. அதை வீணாக்குவோர் நாளைய நோயாளியைக் கேளாமலே அவர் பங்கை எடுத்துக்கொள்கிறார்கள்.

அடுத்த திருவிழாவில், எரியும் மெழுகுதிரிகளுக்கு நடுவே உங்கள் பிள்ளை பலூனோடு நிற்கும். வாங்குமுன் வாயு எதுவென்று கேளுங்கள். ஐதரசன் என்றால், அல்லது வியாபாரிக்கே தெரியாதென்றால், வேண்டாம் என்று சொல்லுங்கள். பிள்ளை சற்று நேரம் அழும். ஆனால் நாம் மிச்சம்பிடிக்கும் சில ரூபாயின் ஆபத்தைப் பக்கத்தில் நிற்கும் பிள்ளையும் சுமக்கிறதே! அதனிடம் நாம் கேட்டோமா?