டிப்ஸ் கேட்காதே, கணக்கைப் படி!

சென்னையை அடுத்த கோவளம் கடற்கரையில் நிற்கும் தாஜ் பிஷர்மேன்ஸ் கோவ் விடுதியை எத்தனை முறை கடந்து போயிருப்பாய் தம்பி? அதன் உரிமையாளரான ஓரியண்டல் ஹோட்டல்ஸ், பங்குச்சந்தையில் பட்டியலான நிறுவனம். விடுதி வாசலில் காவலாளி உன்னை நிறுத்தலாம். அதன் ஆண்டறிக்கையை எவனும் உனக்கு மறைக்க முடியாது! வரவு, செலவு, கடன் எல்லாம் பிஎஸ்இ இணையதளத்தில் காசில்லாமல் கிடைக்கிறது.

பத்து ஆண்டு அறிக்கைகளை இறக்கு. கூகுள் ஷீட்டில் ஆண்டுக்கு ஒரு வரிசை போடு: விற்பனை, நிகர லாபம், கடன், தொழிலிலிருந்து கைக்கு வந்த ரொக்கம். முதலில் பாதி சொற்கள் புரியாது. புரியாவிட்டால் என்ன, தேடிப் படி! 2020-21 கொரோனா ஆண்டின் நஷ்டத்தை உன் விரலே தட்டும்போது, அறைகள் காலியானாலும் சம்பளமும் பராமரிப்பும் நிற்காது என்ற ஓட்டல் தொழிலின் உண்மை தானாக விளங்கும்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் (ஈசிஆர்) இன்னும் தெற்கே போ. நெம்மேலியில் 2013-ல் திறந்த, நாளுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையைக் கட்டியதில் சென்னையின் விஏ டெக் வாபாக் நிறுவனத்துக்கும் பங்கு உண்டு; அதுவும் பட்டியலான நிறுவனம்தான். பேரூரின் 40 கோடி லிட்டர் ஆலை ஒப்பந்தமும் அதன் கூட்டணிக்கே கிடைத்தது. அரசுதான் வாடிக்கையாளர் என்றால் பில் பணம் வர நாளாகும். எனவே 'வர வேண்டிய பாக்கி' என்று ஒரு பத்தி சேர். லாபம் ஏறியும் ரொக்கம் வராமல் பாக்கி வீங்கினால் அந்தக் கட்டம் சிவப்பாகும்படி சூத்திரம் எழுது. இந்தப் பங்குகளை வாங்கச் சொல்லவில்லை; படிக்கச் சொல்கிறேன்.

மீனவர் வீட்டுப் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்கிறார்களா? டீசல், ஐஸ் செலவு போக மீதியைப் படகுக்கும் ஆளுக்குமாகப் பிரிக்கிறார்களே உன் வீட்டில், அதுதானடா லாப நட்டக் கணக்கு! அதைப் பார்த்து வளர்ந்த நீயா டெலிகிராம் குழுவில் டிப்ஸுக்குக் கையேந்துவாய்? 2021-22 முதல் 2023-24 வரை எஃப் அண்ட் ஓ எனும் முன்பேர வணிகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள் என்கிறது பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு வாரியமான செபியின் ஆய்வு. மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல்! அந்தக் கூட்டத்தில் உன் பெயர் வேண்டாம்.

கடைசிப் பத்திக்கு 'ஏன் வாங்குகிறேன்' என்று தலைப்பிடு. அங்கே சொந்தமாக ஒரு வரி எழுத வரும்வரை ஆர்டர் பொத்தானைத் தொடாதே. அடுத்த ஆண்டறிக்கை வந்ததும் அந்த வரியைப் புதிய எண்களோடு வைத்துப் பார். பிசகியிருந்தால் அழிக்காதே, எங்கே பிசகியது என்று கீழேயே எழுது.