இடாப்பும் வாக்கும்

ஆளும் உரிமை எங்கிருந்து பிறக்கின்றது என்னும் வினா அரசியலறிஞரால் மட்டுமன்றிச் சமயத் துறையினராலும் நெடுங்காலம் ஆராயப்பட்டதாகும். ஆயரின் ஆட்சியை ஏற்காத சீர்திருத்தக் கிறிஸ்தவர் இதற்கு இரு விடைகளைக் கண்டனர். கொங்கிறிகேஷனல் நெறியில் ஒவ்வொரு தலச்சபையும் தன்னளவில் முழுமையுடையது. அங்கத்தவர் கூடி வாக்களித்துப் போதகரைத் தெரிவர், புதியவரைச் சேர்ப்பர், தவறியவரை நீக்குவர். அம்முடிவை மாற்றவல்ல மேலதிகாரம் எதுவுமில்லை. பிரெஸ்பிட்டேரியன் நெறியிலோ மக்கள் தெரிந்த மூப்பர் போதகரோடு சேர்ந்து சபையை ஆள்வர். அங்கே நீதி பெறாதவர் மேல்மன்றங்களுக்கு முறையிடலாம். அம்மன்றங்களில் அமர்வோரும் கீழ்ச்சபைகள் அனுப்பியவரே.

இவற்றுள் முன்னையதே மக்களாட்சிக்கு நெருங்கியது எனத் தோன்றலாம். ஆயினும் எவ்வாறு வாக்களிப்பது என்பதற்கு முன்னர், எவர் வாக்களிப்பது என்னும் வினா எழுகின்றது. இடாப்பில் எவர் பெயரை எழுதுவது, எவர் பெயரை வெட்டுவது என்று முடிவு செய்பவர் யாவர்? மலையகத்தின் வரலாறு இவ்வினாவின் ஆழத்தைக் காட்டுகின்றது.

நிலக்கிழார் போதகரை நியமிக்கும் வழக்கை எதிர்த்து 1843இல் ஸ்கொத்லாந்துத் திருச்சபையிலிருந்து நானூறுக்கு மேற்பட்ட போதகர்கள் வெளியேறினர். 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரும், அவரைப் போன்ற துரைமார் பலரும் அந்நாட்டினரே. போதகரைத் தெரியும் உரிமைக்காகப் போராடிய நாட்டினர் நடத்திய தோட்டங்களில், தன்னை மேய்க்கும் கங்காணியைத் தெரியும் உரிமை தொழிலாளிக்கு இருக்கவில்லை. செக்ரோலில் அவன் பெயர் இருந்தது. அது அவன் உழைப்பைக் கணக்கிடுவதற்கேயன்றி அவன் கருத்தைக் கேட்பதற்கன்று.

1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் நுவரெலியாவில் எஸ். தொண்டமான், தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளை உட்பட இலங்கை இந்தியக் காங்கிரஸின் எழுவர் வெற்றி பெற்றனர். ஆனால் 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டுத் தேர்தற் சட்டத் திருத்தமும் தோட்டத் தொழிலாளரின் பெயர்களை இடாப்பிலிருந்து அகற்றின. 1952இல் அக்காங்கிரஸிலிருந்து ஒருவரும் பாராளுமன்றம் செல்லவில்லை. இடாப்பை மாற்றியதும் வாக்கே. வெட்டப்பட்டவரோ அடுத்த முறை அதை எதிர்த்து வாக்களிக்கவும் இயலாதவராயினர். பெரும்பான்மை தனது இடாப்பைத் தானே எழுதும் இடத்தில் நேரும் கேடு இதுவாகும்.

அவ்வாறாயின் முறையீடே மருந்தாகுமா? இடாப்பில் இடங்கோரிய வழக்கு இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை சென்று 1953இல் தோற்றது. மேல்மன்றம் இருந்தது, ஆனால் லயத்து மக்கள் அனுப்பிய எவரும் அதில் அமரவில்லை. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்கள் 9,75,000 பேரின் நிலையைப் பேசி, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, எஞ்சியோரைப் பின்னர் தீர்மானிப்பதென விட்டபோதும் அம்மக்கள் கேட்கப்படவில்லை. 1988, 2003ஆம் ஆண்டுச் சட்டங்களாலேயே நாடற்றோர் நிலை பெரிதும் தீர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் தொழிற்சங்கத்தின் தோட்டக் கமிட்டிகளே, தலைவரைத் தெரியும் பழக்கத்தை அம்மக்களிடையே காத்தன என்பது கருதத்தக்கது.

தலச்சபையின் சிறப்பு, தீர்ப்பளிப்போர் அம்மனிதனை அறிந்தவராயிருத்தல். மேல்மன்றத்தின் சிறப்பு, அவனை வெறுக்கும் அயலார் இறுதி நீதிபதிகளாகாமை. ஒன்றின் குறையை மற்றொன்றே நிரப்பவல்லது. 1947 செப்டெம்பர் 27ஆம் நாள் தோன்றிய தென்னிந்தியத் திருச்சபையில் யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷன் மரபுச் சபைகளும் இணைந்தன. ஆயர், மூப்பர், சபையார் ஆகிய முத்திற ஆட்சிக் கூறுகளும் வேண்டும் என்பது அவ்விணைப்பின் அடிப்படை. இலங்கை மலையகத்தவரின் வாக்கைப் பறிப்பதற்கு முன்னரே இப்பாடம் கற்கப்பட்டிருந்தது.

ஆகவே ஓர் ஆட்சிமுறையை அளக்குங்கால், அங்கு எத்தனை பேர் வாக்களித்தனர் என்று எண்ணுவது மட்டும் போதாது. பெயர் வெட்டப்பட்டவன் சென்று பேசுவதற்கு ஒரு மன்றம் உண்டா, அம்மன்றத்தில் அவனைச் சார்ந்தோர்க்கு ஓர் ஆசனம் உண்டா என்றும் வினவுதல் வேண்டும். இவ்விரண்டும் இல்லாத இடத்தில் வாக்குரிமை, பெரும்பான்மையோர் விரும்பும்வரை தரும் சலுகையேயன்றி உரிமையாகாது.