நேர்முகத் தேர்வுக்குப் போகும் பிள்ளைகளுக்கு: ஆற்றலும் அமானிதமும்



புகழ் அனைத்தும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் கண்மணி நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக.

கண்ணியத்திற்குரிய அல்லாஹ்வின் நல்லடியார்களே! போன வாரம் அஸர் தொழுகை முடிந்ததும் ஒரு தம்பி என்னிடம் வந்தார். டிப்ளமோ முடித்தவர். "ஹஜ்ரத், செவ்வாய்க்கிழமை இண்டர்வியூ இருக்கு. துஆ செய்யுங்க" என்றார். செய்தேன். அப்புறமும் அவர் போகவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு, கழற்றி, மறுபடியும் போட்டுக்கொண்டு நின்றார். கடைசியில் விஷயத்தைச் சொன்னார். "இரண்டு வருஷ அனுபவம் கேட்கிறாங்க. ஒரு இடத்துல வேலை பார்த்த மாதிரி சர்டிபிகேட் வாங்கி வச்சிருக்கேன். எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க. தப்பா ஹஜ்ரத்?"

அந்தத் தம்பியை நான் கோபிக்கவில்லை. தப்பா என்று கேட்க அவருக்கு மனம் வந்ததே, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் இந்தக் கேள்வி அவர் ஒருவருக்கு மட்டும் உரியதில்லை. நம் பகுதியில் துறைமுகம் இருக்கிறது, அனல்மின் நிலையம் இருக்கிறது, சிப்காட் இருக்கிறது. 2025 ஆகஸ்ட் மாதம் வியட்நாம் நாட்டு நிறுவனமான வின்ஃபாஸ்ட் தூத்துக்குடியில் மின்சாரக் கார் தொழிற்சாலையைத் திறந்தது. ஆரம்பத்தில் ஆண்டுக்கு 50,000 வண்டிகள் என்பது திட்டம். நம் பிள்ளைகள் பைலைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்கும் காலம் இது.

குர்ஆனில் இண்டர்வியூ உண்டா என்று கேட்டால், உண்டு என்றுதான் சொல்வேன். மூஸா அலைஹிஸ்ஸலாம் அவர்கள் எகிப்திலிருந்து தப்பி மத்யன் வந்தார்கள். கையில் காசு இல்லை, ஊரில் தெரிந்த முகம் இல்லை. கிணற்றடியில் ஒதுங்கி நின்ற இரண்டு பெண்களின் ஆடுகளுக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுத்தார்கள். கூலி கேட்கவில்லை. நிழலில் போய் உட்கார்ந்து, தன் தேவையை ரப்பிடம் மட்டும் சொன்னார்கள். அவர்களை வேலைக்கு வைத்துக்கொள்ளும்படி அந்தப் பெண்களில் ஒருவர் தன் தந்தையிடம் சொன்னபோது இரண்டு தகுதிகளைக் குறிப்பிட்டார் என்று கஸஸ் அத்தியாயம் 26ஆம் வசனம் சொல்கிறது. ஆற்றல் உள்ளவர், நம்பிக்கைக்கு உரியவர். இன்று கோட்டு போட்ட மூன்று பேர் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து தேடுவதும் இந்த இரண்டைத்தான். இவனுக்கு வேலை தெரியுமா? இவனை நம்பலாமா?

அதோடு முடியவில்லை, பாருங்கள். எட்டு வருடம் வேலை, விரும்பினால் பத்து வருடம் என்று அங்கே நிபந்தனை தெளிவாகப் பேசப்பட்டது. சம்பளம் என்ன, வேலை நேரம் என்ன, ஜுமுஆவுக்கு அனுமதி உண்டா என்று கேட்பது மரியாதைக் குறைவு என்று சிலர் நினைக்கிறார்கள். அடக்கமாகக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஒப்புக்கொண்ட பிறகு முணுமுணுப்பதுதான் அழகில்லை.

யூசுஃப் அலைஹிஸ்ஸலாம் அவர்களைப் பாருங்கள். மன்னர் சிறையிலிருந்து அழைத்தவுடன் ஓடிப்போகவில்லை. தன் மீதான பழியை முதலில் விசாரிக்கச் சொன்னார்கள். பெயர் சுத்தமான பிறகே மன்னர் முன் நின்று, கருவூலப் பொறுப்பைத் தாருங்கள், நான் பாதுகாப்பவன், விவரம் அறிந்தவன் என்று தெரிவித்தார்கள். பதவியைக் கேட்டு வாங்காதீர் என்று நபி (ஸல்) அவர்கள் அப்துர் ரஹ்மான் இப்னு ஸமுரா (ரலி) அவர்களுக்குச் சொன்ன ஹதீஸ் இருக்கிறதே என்று கேட்பீர்கள். அது அதிகார ஆசையைத் தடுப்பது. தகுதியும் தேவையும் இருக்கும் இடத்தில், இருக்கும் திறமையை இருக்கிறபடி சொல்வது பெருமையடிப்பு ஆகாது என்று உலமாக்கள் விளக்குகிறார்கள். நம் பிள்ளைகளோ "உன்னைப் பற்றிச் சொல்" என்றால் அப்பா பெயர், ஊர் பெயரோடு நிறுத்திவிடுகிறார்கள். தம்பி, அவர்கள் கேட்பது உன் வேலையைப் பற்றி. எந்த மெஷினைத் தொட்டாய், எந்தப் பழுதை எப்படிச் சரி செய்தாய், அதைச் சொல்.

ஆங்கிலம் வராது, நாக்கு குழறும் என்ற பயம் பலருக்கு. ஃபிர்அவ்னிடம் போகுமுன் மூஸா நபியே நெஞ்சை விரிவாக்கவும் நாவின் முடிச்சை அவிழ்க்கவும் துஆ செய்தார்கள். துஆவோடு நிற்காமல், தன்னைவிடத் தெளிவாகப் பேசும் ஹாரூன் நபியைத் துணைக்குக் கேட்டார்கள். ஆகவே பேசத் தெரிந்த ஒருவரை முன்னால் உட்கார வைத்துப் பழகுவது தவக்குலுக்கு எதிரானதல்ல. தமிழக அரசின் நான் முதல்வன் திட்டம் 2022 முதல் நடக்கிறது. அதில் பயிற்சி எடுங்கள். வளைகுடா வேலை என்றால், முகவர் அரசிடம் பதிவு பெற்றவர்தானா என்று இமைக்ரேட் தளத்தில் பார்த்த பிறகு பாஸ்போர்ட்டை நீட்டுங்கள்.

இப்போது அந்த சர்டிபிகேட். நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம். மழை பட்டுவிட்டது என்றார் வியாபாரி. அப்படியானால் நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாமே என்று கேட்டு, மோசடி செய்பவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்ற கருத்தில் எச்சரித்தார்கள். முஸ்லிம் நூலில் இருக்கிறது. மேலே காய்ந்த தானியம், அடியில் நனைந்த தானியம். அந்தப் பேப்பரும் அதேதான். வேலை கிடைத்து, மாதா மாதம் வீட்டுக்கு வரும் சம்பளத்தில் அந்த ஈரம் இருக்கும்.

இந்த ஓட்டப்பிடாரத்தில் 1872இல் பிறந்த வ.உ.சிதம்பரம் பிள்ளை 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். ஹாஜி முகமது பக்கீர் சேட் இரண்டு லட்சம் ரூபாய்க்குப் பங்கு வாங்கினார். அப்போது கம்பெனிக்குச் சொந்தக் கப்பல் ஏது? ஆளை நம்பித்தானே கொடுத்தார்!

அந்தத் தம்பி செவ்வாய்க்கிழமை போய் வந்தார். பேப்பரைக் கொண்டு போகவில்லை. அனுபவம் இல்லை, ஆனால் லீவு நாட்களில் மாமாவின் பட்டறையில் மோட்டார் சுற்றியிருக்கிறேன் என்று சொன்னாராம். எப்படிச் சுற்றுவாய் என்று பத்து நிமிடம் கேட்டார்களாம். முடிவு இன்னும் வரவில்லை. பெயர் சொல்லாமல் அவருக்காக துஆ செய்யுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மஃரிபுக்குப் பிறகு மதரஸா அறையில் நான்கு நாற்காலி போடுகிறோம். ஜமாஅத்தில் கம்பெனியில் ஆள் எடுத்துப் பழகியவர்கள் வந்து கேள்வி கேளுங்கள். தேர்வுக்குப் போகும் பிள்ளைகள், பெண் பிள்ளைகள் தாயாருடனோ தந்தையுடனோ, பைலோடு வாருங்கள். வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹ்.