கூட்டிப் பெருக்கிய வீடு

பதினான்கு மாதங்களில் 38 கிலோ எடையைக் குறைத்தேன். 112 கிலோவாக இருந்த உடல் 74 கிலோவில் வந்து நின்றது. சர்க்கரை நோய் வாசலில் நிற்கிறது என்று மருத்துவர் எச்சரித்த நாளில் எடுத்த முடிவு அது. உணவைப் பாதியாக்கினேன், இனிப்பை அறவே விட்டேன், இரவு உணவை மாலையிலேயே முடித்துக்கொண்டேன். ஞாயிறு திருப்பலி முடிந்து வெளியே வரும்போது, என்னை அடையாளம் தெரியவில்லை என்று பங்கு மக்கள் வியந்தார்கள். பழைய சட்டைகளை மூட்டை கட்டி ஏழைகளுக்குக் கொடுத்த அன்று, தானம் செய்த மகிழ்ச்சியைவிட வெற்றி பெற்றவனின் பெருமிதமே என்னுள் மிகுந்திருந்தது.

அந்தப் பெருமிதம் ஒரு முதல் வெள்ளிக்கிழமை காலையில் உடைந்தது. என் தாயார் இடுப்பெலும்பு முறிந்து சில ஆண்டுகளாகக் கட்டிலோடு இருப்பவர். நான் எடை குறைத்த காலத்தில் தம்பி வீட்டில் இருந்துவிட்டு, அந்த வாரம்தான் என்னிடம் திரும்பியிருந்தார். நோயுற்றோருக்கு நற்கருணை கொண்டுவரும் பங்குத்தந்தை வருமுன் அவரைத் தூக்கிச் சாய்வு நாற்காலியில் அமர்த்துவது என் வழக்கம். பருத்த உடலோடு இருந்தபோது அதை எளிதாகச் செய்துவந்தேன். அன்று பாதி தூக்கியதும் கைகள் நடுங்கின, முழங்கால் தளர்ந்தது, இருவரும் கட்டிலின்மேல் சரிந்தோம். நல்லவேளையாக அடிபடவில்லை. "போதும்ப்பா, பக்கத்து வீட்டுத் தம்பியைக் கூப்பிடு" என்றார் அம்மா. அக்குரலில் கடிந்துரை சிறிதும் இல்லை. அதுவே என்னை மிகவும் வருத்தியது.

என் தாயாரின் எடை 45 கிலோ. ஏறத்தாழ அவ்வளவு சுமையை என் உடலிலிருந்து இறக்கியவன் நான். அவரைச் சுமக்கும் வலிமையையும் அதோடு சேர்த்தே இறக்கிவிட்டிருந்தேன். அன்று என் மனத்தில் எழுந்த கேள்வியையே இங்கு ஆராய விரும்புகிறேன். தீயதை விலக்குவதும் நல்லதை அடைவதும் ஒன்றுதானா? விலக்கி முடித்தவன் அடைந்து முடித்தவன் ஆவானா?

உடல் எழுதும் கணக்கு

உணவைக் குறைப்பதால் மட்டும் எடை இறங்கும்போது, உடல் கொழுப்பை மட்டுமே செலவிடுவதில்லை. இழக்கும் எடையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு கொழுப்பு அல்லாத பகுதியிலிருந்து போகிறது என்பது மருத்துவ உலகின் பொதுவான கணிப்பு. அதில் நீரும் உண்டு, தசையும் உண்டு. பருத்த மனிதன் நாள்தோறும் தன் மிகை எடையைச் சுமந்துகொண்டே படியேறுகிறான். அவன் அறியாமலே அது அவன் கால்களுக்குப் பயிற்சியாகிறது. எடை இறங்கியதும் அந்தப் பயிற்சியும் நின்றுபோகிறது. வேலையில்லாத தசையை உடல் நெடுநாள் வைத்துப் பேணுவதில்லை. அண்மைக் காலத்தில் ஊசி மருந்துகளின் துணையால் எடை குறைப்போருக்கும் இவ்விதி பொருந்தும். உணவுக்குப் பின் இரத்தத்தில் சேரும் சர்க்கரையைப் பெருமளவில் ஏற்றுக்கொள்வது தசையே. ஆகவே, சர்க்கரை நோய்க்கு அஞ்சித் தசையை இழந்தவன், திருடனுக்குப் பயந்து வீட்டுக் காவற்காரனையும் அனுப்பிவிட்டவனுக்கு ஒப்பாவான்.

இதை ஆழமாகக் காட்டிய ஆய்வு ஒன்று உண்டு. 1944ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்னும் அறிஞர் அதைத் தொடங்கினார். மனச்சான்றின் பொருட்டுப் போரில் ஆயுதம் ஏந்த மறுத்த 36 இளைஞர்கள் அதற்குத் தாமாக முன்வந்தார்கள். போரினால் பட்டினி கிடந்த மக்களுக்கு மீண்டும் எவ்வாறு உணவூட்டுவது என்பதை உலகம் அறியும்பொருட்டு அவர்கள் தங்கள் உடலைக் கையளித்தார்கள். 24 வார அரைப்பட்டினியில் அவர்களின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு கரைந்தது. பிறகு உணவு தரப்பட்டபோது விரைந்து திரும்பியது கொழுப்பு. தசையோ பின்தங்கி மெல்லவே வந்தது. 1950இல் இரு தொகுதிகளாக வெளிவந்த அந்த ஆய்வின் முடிவைப் படித்தபோது எனக்கு நற்செய்தியின் ஓர் உவமையே நினைவுக்கு வந்தது.

யாரும் குடியேறாத வீடு

தீய ஆவி ஒருவனை விட்டு வெளியேறி, வறண்ட இடங்களில் அலைந்து, இளைப்பாற இடமின்றித் திரும்பி வருவதைப் பற்றி ஆண்டவர் கூறுகிறார் (மத்தேயு 12). வந்து பார்த்தால் வீடு கூட்டிப் பெருக்கி ஒழுங்காக இருக்கிறது. ஆனால் உள்ளே யாரும் இல்லை. அது தன்னிலும் கொடிய ஏழு ஆவிகளைக் கூட்டிக்கொண்டு வந்து குடியேறுகிறது. அந்த வீட்டுக்காரன் செய்த பிழை என்ன? தூய்மை செய்யாமல் விட்டானா? நன்றாகவே செய்தான். தூய்மை செய்த இடத்தில் எவரையும் குடிவைக்கவில்லை. அதுவே அவன் பிழை.

ஞானோபதேச வகுப்பில் தலையான பாவங்கள் ஏழினையும் நாம் மனப்பாடம் செய்திருக்கிறோம். அவற்றில் போசனப்பிரியம் ஒன்று, சோம்பல் மற்றொன்று. நான் முந்தியதை வென்றேன்; பிந்தியதைத் தொடவே இல்லை. குறைவாக உண்டு நாள் முழுதும் நாற்காலியில் அமர்ந்திருந்தேன். நம் முன்னோர் அந்தப் பாடத்தை அமைத்த விதத்தை இப்போது எண்ணிப் பார்க்கிறேன். ஒவ்வொரு பாவத்துக்கும் எதிரே ஒரு புண்ணியத்தை நிறுத்தினார்கள்: போசனப்பிரியத்துக்கு எதிரே மட்டசனம், சோம்பலுக்கு எதிரே சுறுசுறுப்பு. எந்தப் பாவத்தின் எதிரிலும் வெற்றிடம் விடப்படவில்லை. பாவம் போன இடத்தில் ஏதேனும் ஒன்று வளர்ந்தாக வேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

வளர்வதற்கான விதிகள்

தசை வளர்வதற்கு மூன்று தேவை: சுமை, உணவு, ஓய்வு. இயன்முறை மருத்துவர் ஒருவரின் அறிவுரைப்படி நாற்காலியில் அமர்ந்து எழுவதில் தொடங்கினேன். பின்னர் சுவரில் கையூன்றித் தண்டால். கம்பியைப் பிடித்துக்கொண்டு பஸ்கி. மணல் நிரப்பிய பையைத் தரையிலிருந்து தூக்குதல். வாரத்தில் மூன்று நாள். முந்திய வாரத்தைவிடச் சிறிது கூடுதலாக. அந்தச் சிறிது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நேற்றைய சுமையை மட்டுமே இன்றும் தூக்கினால் உடல் தன்னை மாற்றிக்கொள்ளக் காரணம் இல்லை. அளவுக்கு மிஞ்சித் தூக்கினால் மூட்டுதான் கெடும்.

உணவு எனக்குக் கடினமான பாடமாக இருந்தது. சாதாரண வளர்ந்த மனிதருக்கு ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம் புரதம் போதும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். தசையை வளர்க்க விரும்புவோருக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை வேண்டும் என்பது பொதுவான பரிந்துரை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே இதைச் செய்ய வேண்டும். என் கணக்கில் நாளொன்றுக்கு 90 கிராமேனும் தேவைப்பட்டது. ஒரு முட்டையில் இருப்பது ஏறக்குறைய 6 கிராம். பருப்பு, கொண்டைக்கடலை, மீன், தயிர் என்று தட்டில் சேர்க்கும்போதெல்லாம் என் கை பின்வாங்கியது. பதினான்கு மாதங்களாக உணவைப் பகையாகவே கருதி வந்தவனுக்கு உண்பதே ஒறுத்தலாயிற்று! எடை பார்க்கும் கருவியில் 2 கிலோ கூடியபோது ஒரு பாவத்தில் வீழ்ந்தவனைப் போல் கலங்கினேன். வாரத்தில் இரண்டு நாள் நோன்பிருப்பதைக் கோவிலில் நின்று எண்ணிக் காட்டிய பரிசேயனின் நினைவு அப்போது வந்தது. நாள்தோறும் அக்கருவிமேல் ஏறி நின்ற நானும் என் நேர்மையைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஓய்வைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தூக்கும் நேரத்தில் தசை வளர்வதில்லை. தூக்கிய பின் வரும் உறக்கத்திலும் ஓய்விலும்தான் அது தன்னைச் செப்பனிட்டுப் பெருகுகிறது. தொடக்க வாரங்களில் கூடும் வலிமையும் பெரும்பாலும் நரம்புகள் கற்றுக்கொள்வதால் வருவதே. தசையின் அளவு தெரிவதற்கு மாதங்கள் ஆகும். விதைத்தவன் உறங்க, விதை அவன் அறியாமலே முளைத்து வளர்வதைச் சொல்லும் மாற்கு நற்செய்தியின் உவமை உடலுக்கும் பொருந்துவது வியப்பன்று. இரண்டையும் படைத்தவர் ஒருவரே.

வயதானவர்கள் மனம் தளர வேண்டாம். 1990இல் பாஸ்டன் நகரின் முதியோர் இல்லம் ஒன்றில் தொண்ணூறு வயதை ஒட்டிய பத்துப் பேரைக் கொண்டு நடந்த ஆய்வு வெளியாயிற்று. எட்டு வாரப் பயிற்சியை நிறைவு செய்த ஒன்பது பேரின் கால் வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியிருந்தது. மண்ணுக்குத் திரும்பும் நாள் நெருங்கியபோதும் உடல் அழைப்புக்குச் செவிசாய்க்கிறது.

உடல் நமக்குப் பகையா?

எடை குறைத்த காலத்தில் என் கொழுப்பையே தீமை என்று எண்ணியிருந்தேன். இந்தத் தவறு மிகப் பழையது. புனித அகுஸ்தினார் தம் இளமையில் ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் மானிக்கேயரோடு இருந்தார். சடப்பொருளையும் உடலையும் இருளின் படைப்பு என்று கருதியவர்கள் அவர்கள். அக்கொள்கையை விட்டு வந்த பின் அகுஸ்தினார் கண்ட உண்மை, தீமை என்பது தனியொரு பொருளன்று, இருக்க வேண்டிய நன்மை இல்லாமையே அது என்பதாகும். இதை என் நிலையோடு பொருத்திப் பார்த்தேன். தீமை ஓர் இல்லாமை என்றால், மேலும் மேலும் கழிப்பதால் மட்டும் அது தீருமா? குறையை நிறைவுதான் தீர்க்க முடியும்.

கடும் தவத்தால் தம் உடலை ஒடுக்கி, அதைக் கழுதைச் சகோதரன் என்று அழைத்த அசிசியாரும் வாழ்வின் இறுதியில் அந்தச் சகோதரனுக்கு எதிராகத் தாம் மிகுதியாகக் குற்றம் செய்துவிட்டதாக ஒப்புக்கொண்டார் என்று அவர் வரலாறு கூறுகிறது. மனிதன் தன் உடல் வாழ்வை இகழலாகாது என்று 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், இன்றைய உலகில் திருச்சபையைப் பற்றிய கொள்கை விளக்கத்தில் உரைத்தது. பெருமளவு எடை இழந்தவர்களின் வயிற்றிலும் கைகளிலும் தோல் தளர்ந்து தொங்கும். தசை அதை ஓரளவே நிரப்பும். எஞ்சியது அப்படியே இருக்கும். முன்பு அதைச் சட்டைக்குள் ஒளித்தேன். உயிர்த்த ஆண்டவரே காயத் தழும்புகளை நீக்கிக்கொள்ளாமல் சீடர்களுக்குக் காட்டினார் என்று நினைத்த பின், ஒளிக்கும் கவலை குறைந்தது. 112 கிலோவாக இருந்தவனும் நானே. அவனை வெறுத்துக்கொண்டு நான் நலம் பெற இயலாது.

வலிமை யாருக்காக?

இங்கே ஒரு மறுப்பு எழலாம். பெருந்தீனியிலிருந்து தப்பியவன் தற்பெருமையில் வீழ்ந்துவிட மாட்டானா? கண்ணாடி முன் நின்று புயத்தை மடக்கிப் பார்ப்பது ஆன்மிகமா? இம்மறுப்பு நியாயமானது. விரைவில் தசை பெருக வேண்டுமென்று ஊக்க மருந்துகளை ஏற்றி இதயத்தையும் ஈரலையும் கெடுத்துக்கொள்ளும் இளைஞர்கள் உண்டு. சிம்சோனின் வலிமை அவனைக் காக்கவில்லை என்பதும் மறைநூலில்தான் இருக்கிறது. உடற்பயிற்சியின் பயனைத் திருத்தூதர் பவுல் சிறிது என்றே மதிப்பிடுகிறார். ஆனால் பயனே இல்லை என்று அவர் கூறவில்லை. அந்தச் சிறிது யாருக்குப் பயன்படுகிறது என்பதில்தான் அதன் மதிப்பு இருக்கிறது.

முடக்குவாதமுற்றவனை நால்வர் சுமந்து வந்து, கூரையைப் பிரித்து, ஆண்டவர் முன் இறக்கினார்கள். அவர்களுடைய நம்பிக்கையை இயேசு கண்டார் என்கிறது நற்செய்தி. அவர்கள் ஒரு சொல்லும் பேசியதாக இல்லை. அவர்களின் நம்பிக்கை தோளிலும் கயிற்றைப் பிடித்த கையிலும் தெரிந்தது. கல்வாரிப் பாதையில் சீரேன் ஊர் சீமோனிடம் கேட்கப்பட்டதும் தோள்தான். மீட்பின் வரலாற்றில் அன்று ஒரு வலிய மனிதனின் தேவை இருந்தது. அந்நேரத்தில் அவன் அங்கே இருந்தான்.

அந்த வெள்ளிக்கிழமைக்குப் பின் பத்து மாதங்கள் சென்றன. இப்போது என் எடை 79 கிலோ. "மறுபடியும் எடை போடுகிறீர்களே" என்று பங்கில் சிலர் அக்கறையோடு எச்சரிக்கிறார்கள், புன்னகைத்துவிட்டு நகர்கிறேன். முதல் வெள்ளிதோறும் காலையில் அம்மாவைத் தூக்கி நாற்காலியில் அமர்த்துகிறேன். முதல் முறை அவர் என் கழுத்தை இறுகப் பற்றிக்கொண்டார். மூன்றாவது முறையோ, தூக்கும்போதே செபமாலையைத் தேடிக்கொண்டிருந்தார். அவர் அச்சம் நீங்கியதை அதனால் அறிந்தேன்.

தவக்காலம் வரும்போதெல்லாம் இம்முறை எதை விடலாம் என்று நாம் ஒருவரையொருவர் கேட்கிறோம். புலால், வெற்றிலை, திரைப்படம் என்று ஒவ்வொன்றாக விட்டு, உயிர்ப்பு ஞாயிறன்று அவற்றையே மீண்டும் வரவேற்கிறோம். விடுவது நல்லது, வீடு கூட்டப்பட்டுத்தான் ஆக வேண்டும். இனி அந்தக் கேள்வியோடு இன்னொன்றையும் சேர்த்துக் கேட்போமாக: விட்ட இடத்தில் எதை வளர்க்கப்போகிறோம்? அவ்வாறு வளர்வது யாரைச் சுமக்கப்போகிறது?